எழுத்து வராத பெட்டி

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அந்தக் கடையில் பதில் சொல்ல ஆளில்லை.

"எழுத்தும் சேர்ந்து பதிவாகுமா?" என்று கேட்டாள். விற்பனையாளர் அவளைப் பார்த்துப் பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு, பதிலை அவள் கணவனிடம் சொன்னார். அதுவும் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. "சார், இதுல ஒரே நேரத்துல நாலு சேனல் பதிவாகும்," என்றார். நாலு சேனலையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்? அந்த வீட்டில் ஒருவருக்கும் நாலு தலை இல்லை. இருந்த ஒரு தலையையே சரியாகப் பயன்படுத்தத் தெரியாத ஆட்கள் இரண்டு பேர் அவளுக்கு இருபுறமும் நின்றுகொண்டு, "நாலா!" என்று வாயைப் பிளந்தார்கள். ஒருவன் கணவன். இன்னொருவன் கொழுந்தன்.

கொழுந்தனுக்கு வீட்டில் 'விஞ்ஞானி' என்று பெயர். குளியலறை ஓடு விற்கும் கடையில் வேலை. ஆனால் பிளக்கும் ஒயரும் உள்ள எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் நிறுத்தாமல் அள்ளிவிடுவான். போன முறை துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றினான். மாட்டி முடித்தபோது கையில் மூன்று திருகாணி மிச்சம் இருந்தது. "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான் அண்ணி," என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான் இவன்.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று வாங்கலாம் என்ற பேச்சை எடுத்ததும் அவன்தான். அதில் தப்பு சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்புவார். கணவனுக்குப் பேருந்துப் பணிமனையில் மாறி மாறி ஷிப்ட். விஞ்ஞானிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம். அவளுக்கோ தொலைக்காட்சி நிலையத்திலேயே வேலை, அதுவும் நேரடி ஒளிபரப்பு எப்போதோ அப்போதெல்லாம் வேலை. மாமனாரையும் சேர்த்து நாலு பேரும் ஒன்றாக உட்காருவது செவ்வாய்க்கிழமை ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை அரட்டை நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்தால் செவ்வாய்க்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் இல்லையா? அவளும்தான் சரி என்றாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அந்த எழுத்துதான் அவள் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஆட்கள் பேசப் பேச, அவள் அதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அடிப்பது திரையின் அடியில் வரிவரியாக ஓடும். காது கேட்காதவர்கள் படித்துக்கொள்வார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகப் பேசினால் பிழைத்தாள். அரட்டை நிகழ்ச்சியில் எங்கே ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள்? ஒருவன் வாயிலிருந்து வார்த்தை முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான். எவ்வளவு வேகமாக அடித்தாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் நாலைந்து நொடி விழுந்துவிடும். அவளுடைய மேலதிகாரி காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே அந்த இடைவெளியைப் பற்றித் திட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் அந்த இடைவெளி அவளுக்கு உடம்போடு ஊறிப்போன விஷயம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவ்வளவு நேரம் என்று மேசையில் தட்டிக் காட்டுவாள்.

வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த எழுத்தை வர வைத்தது அவள்தான். தனக்கு லீவு உள்ள வாரங்களில் சக ஊழியர்கள் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்க்க. கணவனுக்கும் விஞ்ஞானிக்கும் அது கண்ணில் விழுந்த தூசி. "ஆளுங்க கழுத்துக்குக் கீழே ஒண்ணுமே தெரியல அண்ணி," என்று புலம்புவான் அவன். மாமனார் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.

மாமனார் காலமெல்லாம் செய்தித்தாள் அச்சகத்தில் பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். நகைச்சுவை என்றால் உயிர். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வரும். வந்தால் உடம்பு குலுங்கச் சிரிப்பார். மகன்கள் அவருக்கு வைத்த பெயர் 'டியூப்லைட்'. "இப்பத்தான் எரியுது பாரு!" என்று ஒருவனை ஒருவன் இடித்துக்கொள்வார்கள். அப்பாவைக் கேலி செய்கிறோம் என்ற கூச்சமெல்லாம் கிடையாது, அவரும்தான் சேர்ந்து சிரிக்கிறாரே!

போன வருஷம் ஒரு லீவு நாளில் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒருவன் ஜோக் சொன்னான். அரங்கமே சிரித்தது. கணவன் சிரித்தான். பிறகு அடியில் வரி வந்தது. மாமனார் சிரித்தார். அடுத்த ஜோக்குக்கும் அப்படியே. அதற்கடுத்த ஜோக்கில், அடிக்கிற ஆள் தடுமாறியதால் எழுத்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. மாமனாரும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது. இந்த இடைவெளியை அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரால் அடையாளம் காண முடியும்? மனிதர் மந்தமில்லை. கேட்டுச் சிரிக்கவில்லை, படித்துச் சிரிக்கிறார்.

மறுநாள் சமையலறை வாசலில் நின்று, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரை "மாமா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். ஊஹும். கையிலிருந்த பாத்திர மூடியைத் தரையில் போட்டாள். அது கூடம் முழுக்கச் சுற்றி அதிர்ந்து அடங்கியது. அவர் பாட்டுக்குப் பேப்பரைப் புரட்டினார். காலடியில் வந்து நின்ற மூடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா," என்றார் அவசரமாக.

டிவி அணைந்து கிடந்தது.

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டரிடம் போகலாம் மாமா என்றுதானே? ஆனால் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்த பிறகு அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஆமா மாமா, சத்தம் ரொம்ப ஜாஸ்தி," என்று வாயை அகலமாகத் திறந்து நிதானமாகச் சொல்லிவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் மறைந்த மாமியாரின் ஞாபகம் வந்தது. யார் எதைச் சொன்னாலும் அந்த அம்மாள் புருஷன் முகத்துக்கு நேராகத் திரும்பி இன்னொரு முறை சொல்வார். கிளிப்பிள்ளை என்று அவரையும்தான் கேலி செய்தார்கள். அட பாவமே, அவர் இருந்தவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை.

கணவனிடம் அவள் சொல்லவில்லை. அவன் நல்லவன்தான், ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. பணிமனை முழுக்கத் தெரிந்துவிடும். விஞ்ஞானிக்குத் தெரிந்தால் அப்பாவின் காதையே கழற்றிப் பார்க்கிறேன் என்பான். அதைவிட, காது கேட்காது என்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் அவரிடம் யார் எதைக் கேட்பார்கள்? சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் பயந்தது அதற்குத்தான். அவளுக்கும் அது புரிந்தது.

ஆக, கடையில் அவள் கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லை. எழுத்து வராவிட்டால் மாமனாருக்கு டிவி இல்லை. செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரமும் இல்லை. காரணத்தைச் சொல்லவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

"எழுத்து பதிவாகுமான்னு கேட்டேங்க," என்றாள் இரண்டாவது முறை, குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

விற்பனையாளர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே எழுதி ஒட்டியிருப்பதுபோல. "இதுல அது வராதும்மா. படமும் சத்தமும் மட்டும்தான். அதோ அந்த மாடல்ல வரும். ஆனா அது பழசு. ஒரு சேனல்தான் பிடிக்கும். போன்லேர்ந்து இயக்க முடியாது." பிறகு மறுபடியும் அவள் கணவன் பக்கம் திரும்பி, "அது காது கேக்காதவங்களுக்குத்தான் சார் தேவைப்படும். உங்க வீட்ல அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் யாரும் இல்ல," என்றான் கணவன், ஏதோ வீட்டில் திருடன் இருக்கிறானா என்று கேட்டுவிட்டதுபோல.

"எங்க அப்பா மட்டும் கொஞ்சம் டியூப்லைட்டு. காதெல்லாம் பக்காவா இருக்கு," என்றான் விஞ்ஞானி. விற்பனையாளரும் சேர்ந்து சிரித்தார்.

மாமனார் பத்தடி தள்ளி ஒரு பெரிய டிவி முன்னால் நின்று மீன்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சாமான் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது அந்த வீட்டு வழக்கம். கூட்டிக்கொண்டு போவதோடு சரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு வேணும். என் வேலையை நான் பார்க்கணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல, அதையே வாங்குவோம்."

"அண்ணி, ஆபீஸ்ல அடிச்சது போதாதா? வீட்ல உக்காந்து தப்பு கண்டுபிடிக்கப் போறீங்களா?"

"நீ சும்மா இரு தம்பி. ஏங்க, நான் சொல்றத..."

"விடேன்மா," என்று கையை ஆட்டினான் கணவன். விடேன்மா! கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயைத் திறந்தால் அவன் எடுத்து வைக்கிற மூடி அது. "எல்லாரும் பாக்கப்போற பெட்டி. உனக்கு ஒருத்திக்காக ஓட்டை மாடலை வாங்க முடியுமா? தம்பி நல்லா விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கான்."

உனக்கு ஒருத்திக்காக. அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யாருக்காக என்று ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட எவ்வளவு நேரமாகும்? மென்று விழுங்கினாள்.

கணவன் அப்பாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, நாலு சேனல் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இது ஓகேவாப்பா?" மாமனார் பெட்டியைப் பார்க்கவில்லை. முதலில் மருமகள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு மகன்களையும் பார்த்தார். "உங்க இஷ்டம்டா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அன்றைக்கு அரட்டையில் ஆட்கள் தாறுமாறாகக் கத்தினார்கள். விரல் ஒடிய அடித்தாள். ஒரு ஜோக்கைக்கூட விடவில்லை. வீட்டில் மாமனாராவது இன்று நேரடியாகப் பார்த்துவிடட்டும் என்ற ஒரு நினைப்பு இருந்தது. அதிலும் மண். திரும்பி வந்தபோது விஞ்ஞானி பெருமையாகச் சொன்னான்: "அப்பா டிவியைப் போட்டாரு அண்ணி. கடைக்குக் கிளம்பற நேரம் நல்லவேளை நான் பாத்தேன். அணைச்சு ரிமோட்டை எடுத்து மேல வச்சிட்டேன். முன்னாடியே பாத்துட்டா செவ்வாய்க்கிழமை சுவாரஸ்யம் இருக்காதுல்ல?"

 அவள் செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்த வேகத்தைப் பார்த்துக் கணவன், "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. விஞ்ஞானி பெட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, அழகு பார்த்து, விளக்கவுரை எல்லாம் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சியைப் போட்டான். படம் பளிச்சென்றிருந்தது. ஆட்களுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தெரிந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றான். அவள் ஞாயிற்றுக்கிழமை அடித்த வரிகளில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டி மிச்சம் வைக்கவில்லை.

அவள் திரையைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதலில் திரையின் அடிப்பகுதியையே பார்த்தார். எழுத்து வரும் என்று காத்திருந்தார். ஒரு ஜோக் போனது. இன்னொன்றும் போனது. மகன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கண் திரையிலிருந்து மெல்ல விலகி மகன்களின் முகத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. அடுத்த முறை மூத்தவன் வாய் விரிந்த அதே நொடியில் அவரும் வாயை விரித்து ஹாஹாஹா என்றார். உடம்பு குலுங்கவில்லை. கண்ணில் சிரிப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பயந்து படிக்கிற பிள்ளைபோல மகன்களின் உதட்டையே பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரித்தால் சிரித்தார், நிறுத்தினால் நிறுத்தினார்.

விஞ்ஞானி அதைக் கவனித்துவிட்டான். கையைத் தட்டினான். "டேய் அண்ணா, பாருடா! அப்பா கரெக்டா நேரத்துக்குச் சிரிக்கிறாரு! இந்தப் பெட்டி வந்ததும் டியூப்லைட்டே சரியாயிடுச்சு!"

"அட ஆமாம்டா!" என்றான் கணவன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதைப் பார்த்து மாமனாரும் சிரித்தார்.

இதற்கு மேல் எந்த மனுஷியால் பொறுத்துக்கொள்ள முடியும்? அவள் எழுந்தாள். விஞ்ஞானியின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, சத்தத்தை அடியோடு அடக்கினாள்.

"என்ன அண்ணி?"

"ஏம்மா, நல்லா போயிட்டிருக்கறப்ப? சத்தம் வை."

"மாட்டேன். இப்ப பாருங்க. படம் சுத்தமாத்தானே இருக்கு? கழுத்துக்குக் கீழெல்லாம் தெரியுதில்ல? பாத்துச் சிரிங்க."

"உனக்கு என்ன பைத்தியமா? ஒண்ணும் கேக்காம எப்படிப் பாக்கறது?"

"எப்படிப் பாக்கறதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க," என்றாள். மாமனார் பக்கம் கையை நீட்டினாள். "அங்க கேளுங்க."

இரண்டு பேரும் திரும்பினார்கள். கூடத்தில் சத்தமே இல்லை. திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சத்தம் எங்கே என்று கேட்கவில்லை, அசையக்கூட இல்லை. திரையை ஒரு பார்வை, மகன்களை ஒரு பார்வை என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன்கள் தன்னையே வாயைத் திறந்தபடி பார்ப்பதைக் கண்டதும், ஏதோ பெரிய ஜோக்கைத் தவறவிட்டுவிட்டோம் என்று பதறி, தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நல்லா சொன்னான்ல?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.  

மாமனாரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதன் ஓரத்தில், சத்தம் அணைந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக, குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் மின்னிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் காது முனை வரை சிவந்தது. அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

 கோபத்தில் செய்துவிட்டோம், இத்தனை நாள் காத்த மானத்தை ஒரு பொத்தானில் வாங்கிவிட்டோம் என்று அவளுக்கு இருந்தது. "மாமா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்பா," என்றான் மூத்தவன். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா? நாங்க என்ன..."

அவன் வாயசைவை அவர் பார்த்தார். பாதி புரிந்திருக்கும், அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

"சொல்லணுமா? யாருகிட்டடா சொல்லணும்?" அந்த வீட்டில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "கடையில நான் மீனையா பாத்துட்டு நின்னேன்? அந்த டிவி கண்ணாடியில உங்களையெல்லாம்தான் பாத்துட்டு நின்னேன். அவ வாயைத் திறந்தா. கடைக்காரன் உன்னைப் பாத்தான். மறுபடி திறந்தா. இவன் இளிச்சான். மறுபடி திறந்தா, நீ கையை ஆட்டி அடக்கின. அவ என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாது. எனக்காகத்தான் கேக்கறான்னு மட்டும் தெரிஞ்சுது."

மூச்சு வாங்கியது அவருக்கு. இரண்டு மகன்களும் தரையைப் பார்த்தார்கள்.

"தலை நிமிருங்கடா, மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்குப் புரியும்," என்றார். அவர்கள் நிமிர்ந்தார்கள். "எனக்குக் காது போச்சு. மெஷின் பக்கத்துல நின்னு போச்சு. பக்கத்துல நிக்கற பொம்பள கேட்டது காதுல விழாத அளவுக்கு உங்க ரெண்டு பேருக்கும் என்னடா வந்துச்சு?"